ஆஸ்பத்திரி பில்லில் வரி எங்கே இருக்கிறது?



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் வாசித்து முடித்து டீ வந்த நேரம். ஒரு உறுப்பினர் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார். அவருடைய மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவசரத்தில் போன தனியார் ஆஸ்பத்திரி அரசு காப்பீட்டுப் பட்டியலில் இல்லை. ஆறு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த பில்தான் இது.

“ஏங்க்கா, வைத்தியத்துக்கு வரி கிடையாதுன்னு நீங்கதானே பயிற்சியில சொன்னீங்க? இங்க பாருங்க, ஜி.எஸ்.டி. ஆயிரத்து அறுநூத்தி அம்பதுன்னு போட்டிருக்கான். ஏமாத்திட்டானா?”

ஏமாற்றவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அன்றைக்குக் கூட்டத்தில் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. வரிச் சட்டம் மாறும்போது ஆஸ்பத்திரிக்கும் டாக்டருக்கும் என்ன ஆகிறது, அது நம் முந்தானை முடிச்சு வரை எப்படி வந்து சேர்கிறது என்று இந்த மாதம் விரிவாகவே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

முதலில் அந்த 1,650 ரூபாய்

2017 ஜூலை 1-ல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, மருத்துவ சேவைக்கு விலக்கு கொடுத்தார்கள். டாக்டர் பார்ப்பது, ஆபரேஷன், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், படுக்கை, நர்ஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் இதில் அடக்கம். அலோபதிக்கு மட்டும் இல்லை. சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதிக்கும் உண்டு. அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கும், முடி நடுவதற்கும்தான் விலக்கு இல்லை. அதுவும் தீக்காயம், விபத்து, பிறவிக் குறை இவற்றைச் சரிசெய்யும் பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் வரி கிடையாது.

ஐந்து ஆண்டு கழித்து இதில் ஒரு ஓட்டை போட்டார்கள். 2022 ஜூலை 18 முதல், ஒரு நாள் வாடகை ரூ.5,000-க்கு மேல் உள்ள அறைக்கு 5 சதவீத வரி. ஐ.சி.யு. போன்ற தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு இது கிடையாது. சரியாக 5,000 ரூபாய் அறைக்கும் கிடையாது. ஒரு ரூபாய் கூடினாலும் உண்டு.

நம் உறுப்பினரின் மாமியார் இருந்த அறை நாளுக்கு 5,500 ரூபாய். ஆறு நாளுக்கு 33,000. அதில் 5 சதவீதம் 1,650. கணக்கு சரிதான். நிறையப் பேர் நினைப்பது போல 5,000-க்கு மேலே உள்ள 500 ரூபாய்க்கு மட்டும் வரி இல்லை, மொத்த வாடகைக்கும் வரி. அதே ஆஸ்பத்திரியில் 4,800 ரூபாய்க்கும் அறை இருந்ததாம். அதில் இருந்திருந்தால் ஆறு நாளுக்கு 28,800 ரூபாய். வரி இல்லை. மொத்தம் 5,850 ரூபாய் மிச்சமாகியிருக்கும். “யாருங்க்கா சொன்னா? ஸ்ட்ரெச்சர்ல வச்சுக்கிட்டு, ரூம் எதுவேணும்னு கேட்டாங்க. நல்ல ரூமா குடுங்கன்னு சொல்லிட்டோம்” என்றார். அந்த நேரத்தில் யாருக்குத்தான் கணக்குப் பார்க்கத் தோன்றும்? ஆனாலும் சேர்க்கும் இடத்தில், “அஞ்சாயிரத்துக்கு உள்ள ரூம் இருக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இதில் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். உள்நோயாளிக்கு டாக்டர் சொல்படி கொடுக்கும் சாப்பாடு சிகிச்சையின் பகுதி, அதற்குத் தனி வரி இல்லை. கூடத் துணைக்கு இருக்கிறவர் கேன்டீனில் சாப்பிட்டால் அதற்கு உண்டு. குழந்தை இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளும் சோதனைக் குழாய் சிகிச்சைக்கு வரி உண்டா என்று பல காலம் குழப்பம் இருந்தது. அதுவும் மருத்துவ சேவைதான், வரி இல்லை என்று 2022 ஆகஸ்டில் தெளிவுபடுத்திவிட்டார்கள்.

வரி இல்லை என்றால் வரியே இல்லையா?

இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மருத்துவத்தில் வரியின் சூட்சுமம் எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியை வைத்துச் சொன்னால் புரிய நேரமாகும். நமக்குத் தெரிந்த நாப்கின் தொழிலை வைத்துச் சொல்கிறோம்.

2017-ல் நாப்கினுக்கு 12 சதவீத வரி போட்டார்கள். பெண்கள் அமைப்புகள் நாடு முழுக்கக் குரல் கொடுத்தன. 2018 ஜூலை 27 முதல் வரி முழுதாக நீக்கப்பட்டது. நாமும் கைதட்டினோம். ஆனால் நாப்கின் செய்யும் பஞ்சுக் கூழ், ஈரம் உறிஞ்சும் பொடி, பசை, பிளாஸ்டிக் தாள் எல்லாவற்றுக்கும் அப்போது 12, 18 என்று வரி அப்படியே இருந்தது.

ஒரு பாக்கெட்டுக்கு மூலப்பொருள் 20 ரூபாய், அதற்குக் கொடுத்த வரி 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூலி, லாபம் சேர்த்து விலை 30 ரூபாய். 12 சதவீத வரி இருந்த காலத்தில், பதிவு செய்த ஒரு கம்பெனி வாங்குபவரிடம் 3 ரூபாய் 60 காசு வரி வாங்கும். தான் ஏற்கெனவே கட்டிய 3 ரூபாயை அதில் கழித்துக்கொண்டு, மீதி 60 காசை அரசுக்குக் கட்டும். இப்படிக் கழிப்பதைத்தான் உள்ளீட்டு வரி வரவு என்கிறார்கள். நமக்குக் கிடைக்கும் விலை 33 ரூபாய் 60 காசு.

வரி நீங்கிய பிறகு? வாங்குபவரிடம் வரி வாங்க முடியாது. அதனால் கழிக்கவும் இடம் இல்லை. அந்த 3 ரூபாய் கம்பெனியின் கையைக் கடிக்கும். அது விலையில்தான் ஏறும். பாக்கெட் 33 ரூபாய். நாம் 30 ஆகும் என்று நினைத்தோம். குறைந்தது 60 காசு. பதிவு செய்யாத சின்ன யூனிட் வைத்திருக்கும் நம் குழுக்களுக்கு முன்பும் அந்த 3 ரூபாய் திரும்பக் கிடைத்ததில்லை, பின்பும் கிடைக்கவில்லை.

இப்போது நாப்கின் இருந்த இடத்தில் ஆஸ்பத்திரியை வையுங்கள். நோயாளியிடம் வரி வாங்குவதில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாங்குகிற பொருளுக்கெல்லாம் வரி கட்டுகிறது. கட்டட வாடகைக்கு 18 சதவீதம். துப்புரவு, செக்யூரிட்டி ஆட்களை அனுப்பும் ஏஜென்சிக்கு 18. பில் போடும் சாஃப்ட்வேருக்கு 18. எதையும் கழிக்க முடியாது. எல்லாம் செலவோடு சேர்ந்து, ‘நர்சிங் சார்ஜ்’, ‘தியேட்டர் சார்ஜ்’ என்று வேறு பெயரில் நம் பில்லுக்கு வருகிறது. அந்த 1,650 ரூபாய் கண்ணுக்குத் தெரிந்த வரி. அதே பில்லில் கண்ணுக்குத் தெரியாத வரி அதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

இன்னொரு உதாரணம். ஆபரேஷனில் வரும் ரத்தம் படிந்த பஞ்சு, ஊசி போன்ற கழிவுகளைத் தனியாக எடுத்துப்போய் அழிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அவர்கள் ஆஸ்பத்திரியிடம் வாங்கும் கட்டணத்துக்கு முன்பு வரி இல்லை. 2022 ஜூலையில் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பரில் அதை 5 ஆகக் குறைத்தார்கள். நோயாளிக்கு இது ஒன்றுமே தெரியாது. பத்துப் படுக்கை வைத்திருக்கிற டவுன் டாக்டருக்குத் தெரியும்.

2025 செப்டம்பர் 22-ல் என்ன மாறியது?

அன்றைக்கு ஜி.எஸ்.டி.யில் பெரிய மாற்றம் வந்தது. 12 சதவீதம், 28 சதவீதம் என்ற அடுக்குகளை எடுத்துவிட்டு, பெரும்பாலான பொருள்களை 5, 18 என்ற இரண்டு அடுக்குக்குள் கொண்டுவந்தார்கள். மருத்துவத்துக்கு இதில் நல்ல பங்கு கிடைத்தது.

பொதுவாக மருந்து மாத்திரைகளுக்கு இருந்த 12 சதவீதம் 5 ஆனது. புற்றுநோய், அரிய நோய்கள் போன்றவற்றுக்கான 36 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை என்றானது. சர்க்கரை பார்க்கும் கருவியும் அதன் பட்டையும், பரிசோதனை கிட், மருத்துவ ஆக்சிஜன், பவர் கண்ணாடி இவையெல்லாம் 12-லிருந்து 5-க்கு வந்தன. தெர்மாமீட்டர் 18-லிருந்து 5-க்கு வந்தது.

ஆஸ்பத்திரி வாங்கும் கருவிகளுக்கும் குறைந்தது. 10 லட்ச ரூபாய்க்கு அல்ட்ரா ஸ்கேன் எந்திரம் வாங்கும் ஒரு டாக்டர் முன்பு 1,20,000 ரூபாய் வரி கட்டினார். இப்போது 50,000. அவரால் கழிக்க முடியாத வரி என்பதால் 70,000 ரூபாய் நேரடி லாபம். ஸ்கேன் கட்டணம் குறைந்ததா என்று அவரவர் ஊரில் விசாரித்துப் பாருங்கள். மருந்துக்கு அட்டையில் விலை அச்சடித்திருக்கிறது, கேட்கலாம். ஸ்கேன் கட்டணத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

மருந்தில் எவ்வளவு குறையும் என்றும் பார்த்துவிடுவோம். வரிக்கு முன் 100 ரூபாய் உள்ள மருந்து முன்பு 112, பிறகு 105. மாதம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் 1,120 ரூபாய்க்கு மாத்திரை வாங்கிய வீட்டில் 1,050 ஆகும். மாதம் 70 ரூபாய். வேண்டாம் என்று சொல்லக்கூடிய பணம் இல்லை. ஆனால் இன்சுலின் போடுகிறவர்கள், “எனக்கு மட்டும் ஏன் குறையல?” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். இன்சுலினுக்கு 2017-லிருந்தே 5 சதவீதம்தான்.

வரி 7 சதவீதம் குறைந்ததைவிட, அதே மருந்தை பிராண்ட் பெயர் இல்லாமல் வாங்கினால் குறைவது அதிகம். மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகமும் பக்கத்தில் இருந்தால், டாக்டர் சீட்டைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள்.

மருந்துக் கடையில் ஒன்றை மறக்கக் கூடாது. அட்டையில் அச்சடித்துள்ள எம்.ஆர்.பி. விலையில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் “ஜி.எஸ்.டி. தனி” என்று யார் கேட்டாலும் தப்பு. பில்லில் ஜி.எஸ்.டி. என்று தனியாகக் காட்டியிருக்கலாம். ஆனால் கூட்டுத்தொகை எம்.ஆர்.பி.யைத் தாண்டக் கூடாது.

டாக்டர் பக்கத்துக் கணக்கு

டாக்டரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம்.

மருத்துவம் மட்டும் பார்க்கிற டாக்டர் எவ்வளவு சம்பாதித்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்கத் தேவையில்லை. அவரே மருந்தும் விற்றால் கதை வேறு. பதிவுக்கான 20 லட்ச ரூபாய் வரம்பைக் கணக்கிடும்போது வரியில்லாத பீஸையும் வரியுள்ள மருந்து விற்பனையையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். வரம்பைத் தாண்டினால் பதிவு, மாதா மாதம் ரிட்டர்ன், ஆடிட்டர் செலவு. கிளினிக் ஒரு பெயரிலும் பக்கத்து மருந்துக் கடை வேறு பெயரிலும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வருமான வரியிலும் ஒரு வசதி செய்தார்கள். 2016-17-லிருந்து, ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்கும் டாக்டர்கள் விலாவாரியாகக் கணக்குப் புத்தகம் வைக்காமல், வரவில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டலாம். 2023-24-லிருந்து அந்த வரம்பு 75 லட்சம் ஆனது. ஆனால் ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நூறு ரூபாய் பீஸுக்குக்கூட “ஜிபே பண்ணிடுங்கம்மா” என்று கம்பவுண்டர் சொல்வதில் இந்த விதிக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளே ரோட்டுக்கு வந்த கதையும் உண்டு. 2011 பட்ஜெட்டில், அப்போதைய மத்திய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி 25 படுக்கைக்கு மேல் உள்ள ஏ.சி. ஆஸ்பத்திரிகளுக்கு சேவை வரி போடப்போவதாக அறிவித்தார். நோயாளிக்கு வந்து சேர்வது 5 சதவீதம். பெங்களூரு இருதய சிகிச்சை நிபுணர் தேவி ஷெட்டி முன்னின்று எதிர்த்தார். டாக்டர்கள் போராடினார்கள். மார்ச் மாதமே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஏ.சி. இல்லாமல் ஆபரேஷன் தியேட்டரே நடத்த முடியாது என்பதுதான் அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான்.

பை நிறைய ரொக்கம்

நம்மை நேராகத் தொடும் விதி ஒன்று இருக்கிறது. 2017 ஏப்ரல் 1 முதல், ஒருவரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே காரியத்துக்காக, 2 லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கியவருக்கு, அதாவது ஆஸ்பத்திரிக்கு, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம்.

2019-ல் நம் உறுப்பினர் ஒருவர் கணவரின் இருதய ஆபரேஷனுக்காக நகையை அடகு வைத்து, குழுவில் கடன் எடுத்து, அண்ணனிடம் கைமாற்று வாங்கி 2,60,000 ரூபாயை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டு போனார். கவுன்டரில் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். “இன்னிக்கு ஒன்னரை லட்சம் கட்டுறேன், நாளைக்கு மிச்சத்தக் கட்டுறேன்” என்றிருக்கிறார். அதுவும் முடியாது, ஒரே ஆபரேஷன், ஒரே காரியம். சனிக்கிழமை சாயங்காலம், பாங்க்கும் மூடியாகிவிட்டது. திங்கட்கிழமை வரை டிஸ்சார்ஜ் தள்ளிப்போனது. அந்த இரண்டு நாள் அறை வாடகையும் அவர் தலையில்தான். 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா சிகிச்சைக்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்தினார்கள். அதன் பிறகு பழையபடிதான்.

வருமான வரிக்கு 2025-ல் புதுச் சட்டம் நிறைவேறி, 2026 ஏப்ரல் 1-ஐ அமல் தேதியாக வைத்தார்கள். பிரிவு எண்கள் மாறின. இந்த 2 லட்ச வரம்பு புதுச் சட்டத்திலும் இருக்கிறது.

ஆகவே பெரிய வைத்தியத்துக்குக் கடன் கேட்கிறவர்கள் ஆஸ்பத்திரியின் வங்கிக் கணக்கு எண்ணையும் வாங்கி வாருங்கள். கூட்டமைப்பிலிருந்து நேராக அதற்கே அனுப்பிவிடலாம். தீர்மானத்தில் அப்படியே எழுதுங்கள். கூட்டத்துக்கு வராமல் போனில் கேட்டாலும், ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே அனுப்ப முடியும்.

நம் குழுக் காப்பீடு

கடைசியாக, அடுத்த கூட்டத்தில் நாம் முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத வரியை முழுதாக நீக்கினார்கள். குடும்பத்துக்கே சேர்த்து எடுக்கும் பாலிசிக்கும், முதியோர் பாலிசிக்கும் உண்டு. ஆனால் ஒரு கம்பெனியோ கூட்டமைப்போ தன் ஆட்கள் எல்லோருக்கும் சேர்த்து எடுக்கும் குழு பாலிசிக்கு இந்த விலக்கு இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கு பிரீமியம் முழுவதும் அரசு கட்டுவதால் அதற்கு வரி இல்லை.

அதாவது தனியாக பாலிசி எடுக்க வசதி உள்ளவருக்கு வரி இல்லை. ஆயிரம் பேர் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எடுக்கும் நமக்கு வரி. கணக்குக்காக, ஒரு ஆளுக்கு 600 ரூபாய் பிரீமியம் என்றால் வரி 108 ரூபாய். 1,500 பேருக்கு 1,62,000 ரூபாய். இது எங்களுக்கு நியாயமாகப் படவில்லை. மற்றக் கூட்டமைப்புகளோடும் பேசி மனு கொடுக்கலாமா என்று செயற்குழுவில் பேச்சு இருக்கிறது.

உடனே, “அப்போ தனித்தனியா எடுத்துக்கலாமே” என்று சிலர் கேட்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். தனி பாலிசியில் வயது கூடக் கூட பிரீமியம் கூடும். ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் இருந்தால் அதற்குக் காப்பீடு கிடைக்க மூன்று ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம். குழு பாலிசியில் பல நேரம் முதல் நாளிலிருந்தே கிடைக்கும்படி பேசி வாங்க முடிகிறது. 108 ரூபாய் வரிக்குப் பயந்து அதை விட்டுவிட்டால், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் உள்ள நம் அக்காமார்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

அரசு காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை, இல்லாதவர்கள் எத்தனை என்று குழு வாரியாகத் தெரிந்தால்தான் இதில் பேச முடியும். ஊக்குநர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பட்டியலைக் கொண்டு வரவும். கடந்த ஓராண்டில் தனியார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த உறுப்பினர்கள் பில்லின் நகலைக் கொடுத்தால் நல்லது. அறை வாடகை எழுதிய பக்கத்தை மறக்காமல் சேர்த்து வையுங்கள்.